முன்னங்காலில் வலிக்கும் கட்டிகள்: மாத்திரைக்கு முன்னால் ஓர் எக்ஸ்ரே

"மாத்திரை போட்டேன், மூணே நாள்ல அமுங்கிடுச்சு. அப்புறம் எதுக்கு டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே?" தோல் நோய்ப் பிரிவில் உட்காரும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுப் பெண். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கம், இரண்டு கால்களிலும் நாலைந்து கட்டிகள். புடவைக் கரை பட்டாலே வலி. லேசான காய்ச்சல், கணுக்கால் வீக்கம், மாடிப்படி ஏற முடியாத அசதி. கேள்வி நியாயமானதுதான். வலியைப் போக்கிய மருத்துவர் ஐம்பது ரூபாயோடு விட்டுவிட்டார். வலி போன பிறகு பார்க்கும் மருத்துவர் பரிசோதனைச் சீட்டு எழுதுகிறார். இவர்களில் யார் பக்கம் சாய்வது என்றால் நானும் முதலாமவர் பக்கம்தான் சாய்வேன், காலுக்கு மட்டுமே வைத்தியம் என்றால்.

இந்தக் கட்டிகளுக்கு எரித்தீமா நோடோசம் என்று பெயர். லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் 1798-லேயே இதை விவரித்துவிட்டார். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அடுக்கில் வரும் அழற்சி இது. அந்தக் கொழுப்பு சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்கும். அறைகளுக்கு நடுவே நார்த் தடுப்புகள் ஓடும். இந்த நோயில் அழற்சி பெரும்பாலும் தடுப்புகளோடு நின்றுகொள்கிறது. ரத்தக் குழாய் அடைபடுவதில்லை, கொழுப்பு பெரிதாக அழுகுவதில்லை. அதனால்தான் கட்டி உடையாது, சீழ் வைக்காது, தழும்பும் விடாது. இந்த மூன்றில் ஒன்று பொய்த்தாலும் வந்திருப்பது வேறு நோய் என்று சந்தேகப்பட வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கட்டியில் கிருமி இல்லை. உடலில் வேறெங்கோ இருக்கும் ஒன்றை எதிர்த்து நோய் எதிர்ப்பு மண்டலம் எழும்பியதன் எதிரொலி காலில் கேட்கிறது. ஏன் காலில், அதிலும் முன்பக்கம்? அந்த இடத்தில் ரத்தமும் நிணநீரும் மேலேறுவது மந்தம், பின்பக்கம் போல அழுத்தித் தள்ளிவிடத் தசையும் இல்லை, எனவே எதிர்ப்புப் பொருட்கள் அங்கே தேங்குகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பெண்களுக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகமாக வருகிறது. இந்த எதிரொலியை அனுப்பிய இடம் தொண்டையாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம், குடலாக இருக்கலாம், சாப்பிடும் கருத்தடை மாத்திரையாக இருக்கலாம், கர்ப்பமாகக்கூட இருக்கலாம். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை. அந்தப் பாதிதான் இந்தக் கட்டுரையின் சிக்கலே.

கண்ணை விடக் கை

பாடநூல் படங்களில் எல்லாம் இந்தக் கட்டிகள் செக்கச்செவேல் என்று இருக்கும். வெள்ளைத் தோலில் எடுத்த படங்கள் அவை. நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலை விடக் கொஞ்சம் கருத்தோ, ஊதாப் படிந்தோ இருக்கும், சில நேரம் நிற வித்தியாசமே இருக்காது. ஆகவே பார்ப்பதை விடத் தடவுவது முக்கியம். நோயாளியைப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சம் காலின் குறுக்கே விழும்படி திருப்பி, புறங்கையால் முதலில் சூட்டைப் பார்க்க வேண்டும். பிறகு பெருவிரலால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும். கண்ணுக்கு மூன்று தெரிந்த காலில் கைக்கு ஏழு அகப்படும். 1 முதல் 5 செ.மீ. வரை அகலம், ஓரம் எங்கே முடிகிறது என்று சரியாகப் பிடிபடாது, தோலோடு சேர்ந்து நகராது, அழுத்தினால் முகம் சுளிக்கும் அளவுக்கு வலி.

பத்து நாள் கழித்து அதே கட்டி தட்டையாகி, நீலம் பாய்ந்து, பச்சை மஞ்சளாக மாறி, அடிபட்டுக் கன்னிப்போன இடம் போலவே ஆறும். "எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்று வீட்டில் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். பழைய கட்டி கன்றி ஆறும்போதே பக்கத்தில் புதுக்கட்டி கிளம்பும். எல்லாம் சேர்ந்து மூன்று முதல் ஆறு வாரம், சிலருக்கு இரண்டு மாதம்.

தவறு நடக்கும் இடமும் இங்கேதான். காய்ச்சல், காலில் வீக்கம், வலி என்றதும் செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி புகுந்து படரும் அழற்சி) என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக் ஊசி தொடங்கிவிடுவது வழக்கம். செல்லுலைட்டிஸ் அநேகமாக ஒரு காலில்தான் வரும். ஒரே பரப்பாகப் படர்ந்து, நாளுக்கு நாள் எல்லை விரியும், விரலிடுக்கிலோ பாதத்திலோ கிருமி நுழைந்த வெடிப்பு ஒன்று இருக்கும். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில், தனித்தனிக் கட்டிகளாக, நடுவில் நல்ல தோலை விட்டுவிட்டு வருவது செல்லுலைட்டிஸின் குணமே கிடையாது. இதற்கு இரண்டு நிமிடப் பரிசோதனை போதும், ஆனால் அதற்கு உள்பாவாடையையோ பேன்ட்டையோ முழங்கால் வரை ஏற்றி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் வலிக்கும் காலை மட்டும் காட்டிவிட்டுப் போவதுதான் நடைமுறை.

தானாகவே போகும் நோயின் தொல்லை

தானாக ஆறிவிடும் எந்த நோய்க்கும் ஊரில் நிறைய வைத்தியர்கள் கிடைப்பார்கள். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. எழுதிய குயவருக்கும் நல்ல பெயர், ஆன்டிபயாட்டிக் எழுதியவருக்கும் நல்ல பெயர். மூன்றாவது வாரத்தில் யார் எதை எழுதியிருந்தாலும் கட்டி வடியத்தான் போகிறது. இதில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் ஒரு படி மேல்: மூன்றாவது வாரம் வடிய வேண்டியதை மூன்றாவது நாளே வடிய வைக்கும். மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் நாலைந்து மாத்திரைகளில் சின்னதாக, உறை இல்லாமல் ஒன்று இருக்குமே, பெரும்பாலும் டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ அதுதான்.

ஸ்டீராய்டு இந்த நோய்க்குத் தப்பான மருந்தா என்றால் இல்லை. கடுமையாக வந்தவர்களுக்குத் தோல் மருத்துவர்களே தருகிறோம். எதற்குப் பிறகு தருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வால்கிரனின் கால அட்டவணை

ஸ்வீடன் நாட்டுக் குழந்தை மருத்துவர் அர்விட் வால்கிரன் 1948-இல் காசநோய்க்கு ஒரு கால அட்டவணை போட்டார். காசக் கிருமி முதன்முறையாக ஒரு குழந்தையின் நுரையீரலில் புகுந்த நாளிலிருந்து எந்த மாதம் என்ன நடக்கும் என்ற வரிசை அது. மூன்று முதல் எட்டு வாரத்துக்குள் உடல் கிருமியை அடையாளம் கண்டுகொள்கிறது. டியூபர்குலின் ஊசி (காசக் கிருமி நுழைந்ததா என்று பார்க்கத் தோலில் போடும் சோதனை ஊசி) அப்போதுதான் முதன்முறையாகப் பாசிட்டிவ் ஆகிறது, காய்ச்சல் அடிக்கிறது, சிலருக்குக் காலில் எரித்தீமா நோடோசம் கிளம்புகிறது. அதற்கு அடுத்த நிறுத்தம்தான் பயங்கரம். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு, கிருமி ரத்தத்தில் பரவி மூளைச் சவ்வுக் காய்ச்சலாகவோ உடல் முழுதும் சிதறிய காசமாகவோ மாறலாம். மூன்று முதல் ஏழு மாதத்தில், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, நுரையீரல் உறையில் நீர் கோக்கும். எலும்பும் மூட்டும் ஒன்று முதல் மூன்று வருடத்தில்.

இந்த வரிசையைப் படித்தால் அந்தக் கட்டிகளை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காசநோயால் வரும் எரித்தீமா நோடோசம் அட்டவணையின் முதல் வரியில் இருக்கிறது. கெட்டது எல்லாம் அதற்குக் கீழே. அதாவது, நோயைக் கண்டுபிடிக்க உடலே தரும் முதல் வாய்ப்பு, அநேகமாக மலிவான வாய்ப்பு. சரியாக அந்த வாரத்தில், உடல் கிருமியைச் சுற்றி வேலி போடத் தொடங்கும் அந்த நேரத்தில், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் கொடுக்கிறோம். கட்டி போய்விடுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. வேலி பாதியில் நிற்கிறது.

அக்கால மருத்துவர்கள் இதிலிருந்து இன்னொரு பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் பொதுவாகக் காசநோயைப் பரப்புவதில்லை, பெரியவர்களிடமிருந்து வாங்குகிறார்கள். எனவே குழந்தையின் காலில் கட்டி என்றால் வீட்டிலோ பள்ளியிலோ இருமிக்கொண்டிருக்கும் பெரியவர் யார் என்று தேட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையின் காலைப் பார்க்கும் மருத்துவர், "தாத்தாவுக்கு இருமல் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டால் பெற்றோருக்குப் பேச்சு திசை மாறியது போலத் தோன்றும். அந்த வீட்டில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வியே அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். நுரையீரல் காசம் உறுதியானவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்த பின், தடுப்பு மருந்தும் தேசியத் திட்டத்திலேயே கிடைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலை நாட்டுப் பாடநூல்களில் இந்த நோய்க்கான காரணப் பட்டியலில் காசம் கடைசியில் எங்கோ இருக்கும். அவர்களுக்கு அது சரி. ஸ்கேண்டிநேவியாவில் இந்தக் கட்டிகளைப் பார்த்தால் சார்காய்டோசிஸ் (நுரையீரலிலும் நெறியிலும் சிறு அழற்சித் திரள்கள் சேரும் நோய்) நினைவுக்கு வரும். கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் மண்ணில் இருக்கும் காக்சிடியாய்ட்ஸ் பூஞ்சை நினைவுக்கு வரும். காரணப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். நமக்குத் தொண்டைச் சதையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி முதலில், அதோடு தோளோடு தோள் நிற்கும் காசம் அடுத்து.

எவ்வளவு தேடுவது?

பாதிப் பேருக்குக் காரணமே கிடைக்காது என்றேன். அப்படியென்றால் எல்லாரையும் எல்லாப் பரிசோதனைக்கும் அனுப்புவது கொடுமை. எதையுமே செய்யாமல் விடுவதும் முடியாது. நெடுநாள் மனத்தில் கிடந்து உறுத்தும் விஷயம் இதுதான், இதற்கு முழுத் திருப்தியான பதில் என்னிடம் இல்லை. ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு கோடு போட முடியும்.

முதலில் செலவில்லாத பகுதி, கேள்விகள். போன மூன்று வாரத்தில் தொண்டை வலி வந்ததா? (ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் கட்டி, தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வரும், நோயாளியே தொண்டையை மறந்திருப்பார்.) புதிதாகத் தொடங்கிய மாத்திரை உண்டா, குறிப்பாகக் கருத்தடை மாத்திரை, சல்ஃபா, பென்சிலின் வகை? மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா? ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டிய நிலை? வாயிலும் பிறப்புறுப்பிலும் மாறி மாறிப் புண்? கண் சிவந்து வலித்ததா? எடை குறைந்ததா? மாலைக் காய்ச்சலா? வீட்டில் யாருக்காவது டிபி மருந்து ஓடுகிறதா? பிறப்புறுப்புப் புண்ணைப் பற்றிக் கூச்சத்தால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான் இந்தப் புண்களோடு கண் அழற்சியும் வரும் பெசட் நோய் அகப்படும்.

அடுத்து, எல்லோருக்கும் தேவைப்படும் சிலது: ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), நெஞ்சு எக்ஸ்ரே, மான்டூ (மேலே சொன்ன டியூபர்குலின் ஊசி), ஏ.எஸ்.ஓ. அளவு (ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்த்து ரத்தத்தில் உருவாகும் பொருள்). கருவுறும் வயதில் உள்ளவர்களுக்கு எக்ஸ்ரேவுக்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. ஏ.எஸ்.ஓ. ஒருமுறை கூடியிருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது, நம் ஊரில் பலருக்கும் அது சும்மாவே கூடியிருக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால்தான் பயன். மூட்டு வலி என்ற ஒரே காரணத்துக்காக மூட்டுவாத நோய்களுக்கான ஏ.என்.ஏ., ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனைகள் என்று பேக்கேஜாக எடுத்து வருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் இரண்டு எக்ஸ்ரே எடுக்கலாம்.

மான்டூவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். முன்கையின் உள்பக்கம், 0.1 மி.லி. திரவம், தோலுக்குள்ளேயே போக வேண்டும். ஊசி சரியாகப் போனால் 6 முதல் 10 மி.மீ. அளவில் வெளிறிய சிறு மேடு உடனே எழும்பும். மேடு வரவில்லை என்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். இன்னோர் இடத்தில் மறுபடி போட வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். படிப்பது என்றால் சிவப்பை அளப்பது கிடையாது, தடிப்பை அளப்பது. ஒரு பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி அழுத்தமாக இழுத்து வந்தால் தடிப்பின் ஓரத்தில் பேனா தடுக்கி நிற்கும்; எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இரு கோடுகளுக்கும் நடுவே, கையின் குறுக்குவாட்டில் அளந்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதிய சீட்டு உதவாது. 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் கிருமி உடலில் நுழைந்திருக்கலாம். காசத்தால் வந்த எரித்தீமா நோடோசத்தில் பெரும்பாலும் 15, 20 என்று தாண்டும், சில நேரம் கொப்புளமே போடும். ஆனால் மான்டூ பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்று ஆகாது. நம் ஊரில் கிருமி நுழைந்து அடங்கிக் கிடக்கும் பெரியவர்கள் ஏராளம். சிறுவயதில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியும் கொஞ்சம் தடிப்பு காட்டும். எக்ஸ்ரே, எடை, காய்ச்சல், வீட்டு விவரம் இவற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் நுரையீரலின் வேர்ப்பகுதியில் இருபக்கமும் சமமாக நெறி கட்டியிருந்து, மான்டூ தட்டையாக இருந்தால் எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும். ஸ்வீடன் மருத்துவர் ஸ்வென் லோஃப்கிரன் 1946-இல் எரித்தீமா நோடோசம் வந்த பெரியவர்கள் 185 பேரை ஆராய்ந்து எழுதியதிலிருந்து, இந்தக் கட்டிகள், இருபக்க நெறி, கணுக்கால் வீக்கம், காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வரும் சார்காய்டோசிஸுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்த வகை பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கும் நல்ல வகை. அதற்குக் காசநோய் மருந்து கொடுத்தால் ஆறு மாதம் கழித்து "மருந்து கேட்டுவிட்டது" என்று தோன்றும். அப்போதும் நல்ல பெயர்தான். காசநோயின் நெறி ஒருபக்கமாக, சமமில்லாமல் இருப்பது வழக்கம். சந்தேகம் தீரவில்லையென்றால் நெறியிலிருந்தே ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்ப்பது நல்லது.

பின்னங்கால், கை, காது மடல்

கட்டி உடைந்தால், பின்பக்கம் கெண்டைக்காலில் வந்தால், தழும்பு விட்டு ஆறினால் அது எரித்தீமா நோடோசம் இல்லை என்று தொடங்க வேண்டும். கெண்டைக்காலில் வந்து உடையும் கட்டியை 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் மருத்துவர் எர்னஸ்ட் பாசான் பெயரால் குறிப்பிடுவார்கள். அதில் அழற்சி நார்த் தடுப்போடு நிற்காது. கொழுப்பு அறைக்குள்ளேயே புகுந்து ரத்தக் குழாயை அடைக்கும், கொழுப்பு செத்து, புண்ணாகும். காசநோயோடு இதற்கு உறவு இன்னும் நெருக்கம். மான்டூ பயங்கரமாக வீங்கும், புண்ணில் கிருமி வளர்த்தால் வளராது. காசத்தோடு தொடர்பு உறுதியானால் தடுப்பு மருந்தால் ஆகாது. முழுக் காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம் வேண்டும்.

இந்த இரண்டில் எது என்று தீர்ப்பது திசுப் பரிசோதனை. அதிலும் ஒரு வழக்கமான தவறு. 3 மி.மீ. பஞ்ச் (தோலைத் துளைத்து எடுக்கும் கருவி) வைத்து எடுத்தால் தோல் மட்டும்தான் வரும், கொழுப்பு கழன்று உள்ளேயே தங்கிவிடும். அறிக்கை "குறிப்பிடும்படி எதுவுமில்லை" என்று வரும், நோயாளிக்குக் காயமும் செலவும்தான் பலன். கத்தியால் நீள்வட்டமாக வெட்டி, மஞ்சள் கொழுப்பு கண்ணுக்குத் தெரியும் ஆழம் வரை எடுக்க வேண்டும். எடுப்பதும் புதிய கட்டியில், முதல் சில நாட்களுக்குள். முன்பக்கம் வந்து அச்சடித்தது போல இருக்கும் நோய்க்கு வெட்டவே தேவையில்லை.

கட்டிகள் காலை விட்டு மேலேறி, கை, தொடை, முகம் என்று கிளம்பினால் தொழுநோயை நினைக்காமல் இருக்கக்கூடாது. கிருமி மிகுந்த வகைத் தொழுநோயில், மருந்து தொடங்கும் முன்போ, நடுவிலோ, முடிந்து வருடக்கணக்கான பின்போ வரும் எதிர்வினை இது. ஒவ்வொரு கட்டியும் இரண்டு மூன்று நாளில் மறையும், புதிது வரும். கூடவே காய்ச்சல், நரம்பு வலி, கண் அழற்சி, விரை வீக்கம். பார்க்க வேண்டியது காது மடல் தடித்திருக்கிறதா, புருவத்தின் வெளிப்பகுதி உதிர்ந்திருக்கிறதா, முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் உருளும் நரம்பு கயிறு போல் தடித்திருக்கிறதா என்று. காது மடலில் சிறு கீறல் போட்டு எடுக்கும் ஸ்மியர் பரிசோதனைக்கு ஒரு ஸ்லைடும் ஒரு பிளேடும் போதும். செங்கல்பட்டிலும் கரிகிரியிலும் உள்ள தொழுநோய் மையங்கள் உலகத்துக்கே தொழுநோய் மருத்துவம் கற்றுக்கொடுத்த மாநிலத்தில் இதைத் தவறவிடுவது சங்கடமானது. ஆனால் 2005 இறுதியில் நாட்டில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்த பிறகு, காது மடலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமே இளைய மருத்துவர்களிடம் மறைந்து வருகிறது.

இந்த எதிர்வினைக்கு ஸ்டீராய்டு வாரக்கணக்கில் தேவைப்படும், தொழுநோய்க்கான பன்மருந்துச் சிகிச்சையை நிறுத்தக்கூடாது. கடுமையானவர்களுக்குத் தாலிடமைடு இருக்கிறது. 1964-இல் ஜெருசலேமில் மருத்துவர் ஜேக்கப் ஷெஸ்கின் தூக்கமில்லாமல் துடித்த தொழுநோயாளிக்கு அதைத் தூக்க மருந்தாகக் கொடுக்கப்போய், கட்டிகள் அடங்கியதைக் கண்டார். கருவைச் சிதைக்கும் மருந்து என்பதால் கருவுறும் வாய்ப்புள்ளவர்களுக்குக் கடும் கட்டுப்பாடு இல்லாமல் தருவதில்லை.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது என்றால்

பெரும்பாலும் நிலைமை இதுதான். பொட்டலத்தையோ அட்டையையோ எறியாமல் கொண்டு வரவும். "வெள்ளை மாத்திரை" என்றால் யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு எக்ஸ்ரேயை அழிக்காது, எனவே எக்ஸ்ரே எடுக்கத் தாமதிக்க வேண்டாம். மான்டூவைத்தான் அது கெடுக்கும்: தினம் 15 மி.கி.க்கு மேல் பிரெட்னிசோலோன் ஒரு மாதம் சாப்பிட்டவருக்குத் தட்டையாக வந்தால் அதை நம்ப முடியாது. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும். நிறுத்திய ஓரிரு வாரத்தில் கட்டி திரும்பி வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. கட்டியை அனுப்பிய காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காரணம் தேடும் இந்த நாட்களில் வலியோடு விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. படுத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துக் காலை இருதய மட்டத்துக்கு மேல் உயர்த்துவது பாதி வைத்தியம். நிற்கும் வேலை, அதாவது ஜவுளிக் கடை விற்பனை, வகுப்பறை, சமையல் வேலை உள்ளவர்களுக்கு ஒரு வார விடுப்புச் சான்று மாத்திரையை விட நன்றாக வேலை செய்யும். எலாஸ்டிக் கட்டு காலையில் எழும் முன்பே, விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். வீங்கிய பிறகு மாலையில் சுற்றினால் பயனில்லை. வலி மாத்திரை நாப்ராக்சன் 250 முதல் 500 மி.கி., சாப்பாட்டுக்குப் பின் இருவேளை, மருத்துவர் சொன்ன நாட்களுக்கு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருப்பவர்களுக்கு இது ஆகாது. குடல் அழற்சி நோயால் கட்டி வந்திருந்தால் இந்த வகை வலி மாத்திரை குடலைக் கிளறிவிடக்கூடும், அவர்களுக்குக் குடலை அடக்கினால் காலும் அடங்கும். பழைய மருந்து ஒன்று பாதி மறந்துபோயிருக்கிறது: பொட்டாசியம் அயோடைடு, நாளுக்கு 300 முதல் 900 மி.கி., கட்டி தொடங்கிய முதல் நாட்களிலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும். விலை மலிவு, காசக் கிருமிக்கு வசதி செய்து தராது. வாயில் உலோகச் சுவை, வயிற்றுக் குமட்டல் வரும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. ஸ்டீராய்டு இவ்வளவுக்கும் பிறகு, எக்ஸ்ரேயும் மான்டூவும் கையில் இருக்கும்போது, நடக்கவே முடியாதவருக்கு.

திரும்பத் திரும்ப வருபவர்கள் ஒருசிலர் உண்டு. ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. கடைசி எக்ஸ்ரேவுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தாலோ எடை, இருமல், மலம் இவற்றில் புதிதாக ஏதாவது இருந்தாலோ எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் முன் மூன்று வாரத்தில் தொண்டை வலி வந்ததா என்று தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டால் மூன்றாவது முறையில் தொண்டைதான் என்று தானாகவே வெளிப்படும். ஆறிய பின் நம் தோலில் கரும்படலம் சில மாதம் நிற்கும், அது தழும்பு கிடையாது, எந்தக் களிம்பும் வேண்டாம். சிவப்பழகு களிம்பு என்று விற்பவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது.